ஹூட் டு கோஸ்ட் ரிலே: முட்டி வலி இருக்குற அண்ணாவுக்கு முதல் லெக் குடுக்கலாமா?

ஓடுற_உப்புமா

வணக்கம் மக்களே. நாங்க ஓரிகன்ல ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் இருக்குற ஒரு சின்ன ரன்னிங் குரூப். பாதி பேருக்கு சிப் கம்பெனில வேலை, மீதி பேர் அவங்களுக்கு வாக்கப்பட்டவங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஓடிட்டு யாராவது ஒருத்தர் வீட்ல உக்காந்து பொங்கல் சாப்டுறதுதான் கிளப்போட முக்கிய வேலைன்னு சொன்னாலும் தப்பில்ல. மூணு வருஷமா லாட்டரில பேரு குடுத்து குடுத்து இந்த வருஷம்தான் ஹூட் டு கோஸ்ட்ல இடம் கெடச்சிருக்கு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரில சொல்லிடுறேன். மவுன்ட் ஹூட் மலைல 6,000 அடி உயரத்துல டிம்பர்லைன் லாட்ஜ்னு ஒரு இடம், அங்க ஆரம்பிச்சு போர்ட்லண்ட் ஊருக்குள்ள பூந்து, அப்புறம் கோஸ்ட் ரேஞ்ச் காட்ட தாண்டி சீசைடு கடற்கரை மணல்ல முடியும். கிட்டத்தட்ட 200 மைல், நம்ம கணக்குல 320 கிலோமீட்டர். 12 பேர், வேனுக்கு ஆறு பேரா 2 வேன், மொத்த தூரத்தையும் 36 லெக்கா, அதாவது துண்டா பிரிச்சிருப்பாங்க, ஒருத்தர் மாத்தி ஒருத்தரா ஆளுக்கு மூணு தடவ ஓடணும். ஆகஸ்ட் கடைசில வெள்ளிக்கிழமை கெளம்பி ராத்திரி பூரா ஓடி சனிக்கிழமை போய் சேரணும்.

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். எங்க கிளப்ப ஆரம்பிச்சவர் ஒரு அண்ணா, வயசு 57. எனக்கெல்லாம் ஷூ லேஸ் எப்படி கட்டுனா நகம் கருக்காதுன்னு சொல்லிக் குடுத்ததே அவர்தான், அதனால அவர்கிட்ட எதுத்து பேச யாருக்கும் வாய் வராது. போன வருஷத்துலேந்து அவருக்கு வலது முட்டில வலி. டாக்டர் ஓடலாம், ஆனா எறக்கத்துல பாத்துக்கோங்கன்னு சொல்லியிருக்கார். அண்ணா கேக்குறது என்னன்னா லெக் 1. அதாவது மலைலேந்து நேரா கீழ எறங்குற லெக், ஆறு மைலுக்கும் கம்மியான தூரத்துல 2,000 அடி எறக்கம்!!

ஏன் அதுதான் வேணும்னு கேட்டா காரணம் கேளுங்க. எங்க டீம் பேர்ல நடுவுல ஒரு ழ இருக்கு. ஸ்டார்ட்ல மைக்ல டீம் பேரெல்லாம் படிப்பாங்களாம், அந்த ஆள் தப்பா படிச்சிடக்கூடாதாம், இவர் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கணுமாம். 26 வருஷமா இந்த ஊர்ல என் பேரையே தப்பா கூப்புட்டானுங்க, ஒரு தடவையாவது சரியா சொல்ல வெக்கிறேன்னு நிக்கிறார். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

ஏற்கனவே ஓடுனவங்க சொல்லுங்க. முட்டி வலிக்காரருக்கு லெக் 1 குடுக்கலாமா, இல்லன்னா எது குடுக்குறது, அத எப்படி அவர்கிட்ட சொல்றது. அப்படியே சாப்பாடு, தூக்கம், வேன் பத்தியும் சொன்னீங்கன்னா புண்ணியமா போகும். நாங்க சராசரியா மைலுக்கு 10 நிமிஷம் ஓடுற கூட்டம், ஜெயிக்கிற ஆசை எல்லாம் இல்ல.

வேன்ரெண்டு_கோயமுத்தூரான்

நான் நாலு தடவ ஓடியிருக்கேனுங்க, மூணு தடவ வேன் 2ல, ஒரு தடவ லெக் 1 ஓடுன பாவியும் நான்தான். அதனால மொதல்ல அதச் சொல்லிடறேன்.

குடுக்காதீங்க. முட்டி நல்லா இருக்கறவனுக்கே அது வேண்டாத வேலை. மேல நிக்கிறப்ப குளுகுளுன்னு இருக்கும், கூட்டம் கைதட்டும், ரோடு உங்கள கீழ தள்ளும், நம்ம வாழ்க்கைலயே ஓடாத வேகத்துல ஓடிட்டு இருப்போம், மூச்சு கூட வாங்காது. அடடா நம்ம இவ்ளோ பெரிய ஆளான்னு தோணும். பில்லு வர்றது சாயங்காலம். எறக்கத்துல ஒவ்வொரு அடிக்கும் தொடை தசை நீண்டுகிட்டே பிரேக் போடற வேலை செய்யுதுங்க, ஏத்தத்துல சுருங்கற மாதிரி இல்ல. அந்த நீட்டல்லதான் தசை நார் உள்ளுக்குள்ள கிழியறது ஜாஸ்தி. அந்த வலி உச்சத்துக்குப் போறது ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு, ஆனா இறுக்கம் அன்னைக்கே ஆரம்பிச்சிரும். மாராத்தான்ல ஓடி முடிச்சமா சோபால படுத்தமான்னு போயிரலாம். இங்க அதே காலோட இன்னும் ரெண்டு தடவ ஓடோணும், நடுவுல ஆறு பேரோட வேன்ல கால மடக்கி உக்காந்துட்டு. எனக்கு ரெண்டாவது லெக்குக்கு வேன்லேந்து எறங்கறப்ப ஒருத்தர் கை புடிச்சு எறக்குனாருங்க, பொண்ணு மாப்பிள்ளைய கார்லேந்து எறக்கற மாதிரி.

லெக் 1 குடுக்கற ஆளு யாரா இருந்தாலும் இப்பவே எறக்கத்துல பழக்குங்க. போர்ட்லண்ட்லயே உசரமான இடம் கவுன்சில் க்ரெஸ்ட், 1,000 அடிக்கு மேல, அங்க ஏறி மெதுவா எறங்கறது, அடுத்த வாரம் கொஞ்சம் வேகமா. ஒரு தடவ நல்லா வலிச்ச தசை அடுத்த தடவ அதே வேலைக்கு அவ்ளோ வலிக்காது, சில வாரத்துக்கு அந்தக் காப்பு நிக்கும். ஆனா ரேசுக்கு முந்துன வாரம் போய் இதச் செய்யாதீங்க.

இப்ப உங்க அண்ணன் விஷயம். லெக் 1 ஓடறவர் மட்டுந்தான் மேல போகணும்னு யாருங்க சொன்னா? வேன் 1ல ஆறு பேரும் டிம்பர்லைன்லதான் எறங்குவீங்க! அவர வேன் 1ல போடுங்க, ஆனா ஆறாவது ஆளா. மைக்காரர் பக்கத்துல நின்னு ழ, ள, ல எல்லாம் நடத்தட்டும், ஓடறது வேற ஆளு ஓடட்டும். முதல் மூணு லெக்தான் மலை எறக்கம், அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கிரும். ஆறாவது ஆளுக்கு இன்னொரு கவுரவம் என்னன்னா ஒவ்வொரு தடவையும் ஓடி முடிக்கறது பெரிய எக்ஸ்சேஞ்ச்ல, அதாவது ஒரு வேன் ஆளுங்க கைலேந்து அடுத்த வேன் கைக்கு ஓட்டம் மாறற எடத்துல, ரெண்டு வேனும் அங்க கூடி நிக்கும், சாண்டி ஊர்ல அவர் வந்து சேர்றப்ப உங்க 12 பேரும் இருப்பீங்க. கூட்டம் புடிச்ச மனுசன்னா அதுதான் அவருக்கு சரி. அஞ்சாவது ஆளா மட்டும் போட்டுறாதீங்க, அவருக்கு வர்ற லெக் 5, 17, 29 மூணும் ஏத்தத்துக்குப் பேர் போனது, அது வேகமா ஓடற, வாயத் தொறந்து குறை சொல்லாத ஒருத்தருக்கு.

கணக்கு ஒண்ணு போட்டுக் காட்டறேன், வேற எதையும் படிக்காட்டியும் இதப் படிங்க. 200 மைல், மைலுக்கு 10 நிமிஷம்னா 2,000 நிமிஷம், 33 மணி 20 நிமிஷம். ஆறு லெக் ஓட ஒரு வேனுக்கு அஞ்சரை மணி. மெதுவா ஓடற டீமுக்கு விடியறதுக்கு முன்னயே ஸ்டார்ட் குடுப்பாங்க, வேகமான டீமெல்லாம் மத்தியானம் வாக்குல கெளம்பி உங்களத் தொரத்திட்டு வரும், அப்பத்தான் எல்லாரும் சனிக்கிழமை கடற்கரைல ஒண்ணா சேர முடியும். காலைல 5 மணின்னு வெச்சுக்கலாம். பத்தரைக்கு சாண்டில வேன் 2 கைக்கு மாறும். சாயங்காலம் 4 மணிக்கு போர்ட்லண்ட்ல மறுபடி வேன் 1. ராத்திரி ஒம்பதரைக்கு செயின்ட் ஹெலன்ஸ்ல வேன் 2. விடியக்காலம் 3 மணிக்கு மிஸ்ட்ங்கற ஊர் கிட்ட வேன் 1. எட்டரைக்கு கடைசியா வேன் 2. பேப்பர்ல இத பாக்கறப்ப அஞ்சரை மணி ஓய்வு இருக்கற மாதிரி இருக்கும். அதுல ஒண்ணேகால் மணி அடுத்த இடத்துக்கு வண்டி ஓட்டோணும், அரை மணி சாப்பாடு, கக்கூஸ் லைன் ஒரு அரை மணி, அடுத்த ஆள் ரெடியாக முக்கா மணி. மிஞ்சறது ரெண்டரை மணி தூக்கம், அதுலயும் பக்கத்து வேன்ல ஒருத்தன் கதவ பட்டுன்னு சாத்துவான்.

வேன் 2ல இருக்கற ஹில்ஸ்பரோக்காரங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்குதுங்க. 4 மணிக்கு போர்ட்லண்ட்ல முடிச்சதும் நேரா வீட்டுக்குப் போய் குளிச்சு சுடுசோறு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கட்டில்ல படுக்கலாம், அங்கிருந்து கொர்னீலியஸ் பாஸ் ரோடு வழியா செயின்ட் ஹெலன்ஸ் போயிரலாம். ஆனா வெள்ளிக்கிழமை சாயங்கால டிராபிக், சீக்கிரமா கெளம்புங்க.

மிஸ்ட் தாண்டி போன் சிக்னல் கெடையாது. இத நான் சொன்னா யாரும் நம்பறதில்ல, அங்க போய் போன தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுட்டு நிப்பாங்க. எந்த ஆள் எத்தன மணிக்கு வருவார்னு பேப்பர்ல எழுதி ரெண்டு வேன்லயும் ஒட்டி வெச்சுருங்க. அந்தப் பக்கம் மண் ரோடு வேற இருக்கும், வேன் வரிசையா போற புழுதில ஹெட்லைட் வெளிச்சமே பழுப்பா தெரியும், ஓடறவங்க மூக்குல கட்டிக்க ஒரு கர்ச்சீப் வேணும்.

சியாட்டில்_மதினி

தம்பி, நான் ரெண்டு தடவ ஓடுனேன், ரெண்டு தடவையும் வேன்ல சாப்பாட்டுப் பொறுப்பு என் தலைலதான் கட்டுனாங்க. (பொம்பளைங்க இருந்தா அப்படித்தான் ஆகும், உங்க கிளப்புல யாரு சமைக்கிறாங்கன்னு முன்னாடியே பேசி ஆம்பளைங்களையும் சேத்து எழுதி வச்சுக்கங்க.)

முதல் தடவ ஆர்வக்கோளாறுல புளியோதரை, சுண்டல், உருளைக்கிழங்கு பொடிமாஸ், மெதுவடை எல்லாம் கட்டிட்டுப் போனேன். சுண்டல் சாப்ட ரெண்டு பேரோட மூடுன வேன்ல ராத்திரி பூரா உக்காந்தோம். அதுக்கு மேல நான் சொல்லல. பருப்பு, பயறு, வெங்காயம் ஜாஸ்தி போட்டது எதுவும் வேணாம். ரெண்டாவது தடவ திருந்தி இதெல்லாம் கொண்டு போனேன்: பொடி தடவுன மினி இட்லி, ஐஸ் பெட்டில தயிர்சாதம் நல்லா குழைய பிசைஞ்சு உப்பு ஒரு கை தூக்கலா, வாழப்பழம், வேகவச்ச உருளைக்கிழங்கு உப்பு தூவி, அப்புறம் பெரிய ஃபிளாஸ்க் ரெண்டுல மிளகு ரசம். அந்த ரசம் இருக்கே! பகல்ல வேர்த்து ஊத்தும், ஆனா ராத்திரி அந்தக் காட்டுல குளிர் எலும்புக்குள்ள போயிரும். ரெண்டு மணிக்கு ஓடிட்டு வந்து நடுங்கிக்கிட்டு நின்னவளுக்கு பேப்பர் கப்புல ரசம் ஊத்திக் குடுத்தேன், பக்கத்து வேன் வெள்ளக்காரப் பையன் மோப்பம் புடிச்சுட்டு வந்து அவனும் ஒரு கப்பு வாங்கிட்டுப் போனான், அஞ்சு நிமிஷத்துல அவன் டீம் மொத்தமும் லைன்ல நிக்கிது. அடுத்த எக்ஸ்சேஞ்ச்ல எங்களப் பாத்து "ரசம் ரசம்"னு கத்துறாங்க.

ஓடி முடிச்ச அரை மணிக்குள்ள சாப்டணும், அடுத்த லெக்குக்கு ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி நிப்பாட்டிக்கணும், எனக்கு ஒத்து வந்தது அதுதான்.

துணிக்கு: மூணு ஜிப்லாக் கவர், ஒவ்வொண்ணுலயும் ஒரு லெக்குக்கான பனியன், ஷார்ட்ஸ், சாக்ஸ், உள்ளாடை எல்லாம் செட்டா போட்டு மேல பேரும் லெக் நம்பரும் எழுதிருங்க. ஓடிட்டு வந்த ஈரத்துணிய அதே கவர்ல போட்டு இறுக்கி மூடிரணும், தொறக்கவே கூடாது, வீட்டுக்குப் போயும் யோசிச்சுத்தான் தொறக்கணும்.

ராத்திரி லெக்குக்கு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், நெத்தி லைட், முதுகுல மினுக்குற லைட் மூணும் கட்டாயம், ஓட மட்டும் இல்ல, வேன்லேந்து இறங்கி ரோட்ல நின்னாலே போட்டுக்கிட்டு நிக்கணும். ஆளுக்கு ஒண்ணு வாங்கிருங்க, ஓடி வந்தவர் கழட்டிக் குடுத்து அடுத்தவர் மாட்டிக்கலாம்ங்கிறதெல்லாம் நடக்காது, அந்த ஈர ஜாக்கெட்ட யாரு மாட்டுவா. இயர்போன் வேணாம். நான் ஓடுன ராத்திரி லெக்குல அரை மைல் முன்னாடி ஒரு செவப்பு லைட் மினுக்கும், பின்னாடி ஒரு வெள்ள லைட் ஆடும், நடுவுல என் மூச்சு சத்தமும் தவளை சத்தமும்தான். பயம் வரும்னு நெனச்சேன். வரல.

தோக்கியோ_திருநெல்வேலி

ரெண்டு பைசா என்னுதும். நான் இருக்கிறது ஜப்பான், இங்க ரிலேன்னா அது ஒரு மதம் மாதிரி, எகிதென்னு பேரு. முதல் முதல்ல நடந்தது 1917ல, கியோத்தோலேந்து தோக்கியோ வரை 500 கிலோமீட்டருக்கு மேல, மூணு நாளு ராப்பகலா ஓடியிருக்காங்க. இப்ப பெருசு ஹகோனே எகிதென், 1920ல வெறும் நாலு யுனிவர்சிட்டியோட ஆரம்பிச்சது. ஜனவரி 2, 3 ரெண்டு நாளும் ஊரே டிவி முன்னாடி உக்காந்திரும், நம்மூர்ல பொங்கலுக்குப் பட்டிமன்றம் பாக்குற மாதிரி. 10 பையங்க, 217 கிலோமீட்டர், தோக்கியோலேந்து ஹகோனே மலை ஏரி வரை போயிட்டு மறுநாள் திரும்பி வரணும்.

இத ஏன் சொல்லுதேன்னா உங்க லெக் 1 கேள்விக்கு அங்க பதில் இருக்கு. அஞ்சாவது ஆள் மலை ஏறணும், ஆறாவது ஆள் மறுநாள் காலைல அதே மலைய எறங்கணும், 20.8 கிலோமீட்டர், 800 மீட்டருக்கு மேல எறக்கம். மலை ஏறுறதுல பேர் எடுத்தவன "மலைக்கடவுள்"னே கூப்புடுவாங்க. எறங்குறவனுக்கு அவ்வளவு பேர் கெடையாது, ஆனா கோச்சுங்கள கேட்டா எறங்குறதுக்கு ஆள் தேடுறதுதான் கஷ்டம்பாங்க. சும்மா வேகமா ஓடுறவன போட மாட்டாங்க, எறக்கத்துக்குன்னு ஒருத்தன தனியா பழக்கி வச்சிருப்பாங்க. நல்ல பையன் 58 நிமிஷத்துக்குள்ள எறங்கிருவான். கடைசி 3 கிலோமீட்டர் கிட்டத்தட்ட சமதரை, அதுதான் கொடும, அவ்வளவு நேரம் எறங்கி வந்த காலுக்கு சமதரையே ஏத்தமா தெரியுமாம். முடிச்சிட்டு ஷூவ கழட்டுனா உள்ளங்கால் பொத்து சாக்ஸோட ஒட்டியிருக்கும். அவனுக்கு இருவது வயசு சொச்சம், அன்னைக்கு அந்த ஒரு ஓட்டம்தான். உங்க அண்ணாச்சிக்கு 57, மூணு ஓட்டம். நீங்களே பாத்துக்கிடுங்க.

இன்னொண்ணு. அங்க கைல கம்பு கெடையாது, தோள்ல குறுக்க போடுற துண்டு, தசுகின்னு பேரு. முதல் டீம விட ரொம்ப பின்தங்கிட்டா அடுத்த ஆள் காத்திருக்க முடியாது, அவங்க டீம் துண்டு வராமயே வேற துண்டு போட்டு ஓட விட்டுருவாங்க. துண்ட கைல புடிச்சுக்கிட்டு ஓடி வர்ற பையன் நூறு மீட்டர் முன்னாடி தன் டீம்காரன் கெளம்பிப் போறத பாத்து ரோட்லயே விழுந்து அழுவான். வருஷா வருஷம் டிவில பாக்கேன், வருஷா வருஷம் எனக்கும் கண்ணு கலங்கும். உங்க ஊர்ல என்னத்த கைமாத்துவாங்க?

வேன்ரெண்டு_கோயமுத்தூரான்

@தோக்கியோ_திருநெல்வேலி, கையில பட்டுன்னு அடிச்சா தானா சுத்திக்கற பட்டை இருக்குமல்லங்க, சின்னப் பசங்க விளையாடறது, அதுதான். வேர்வைல ஊறுன அந்தப் பட்டைய ஒருத்தர் கைலேந்து உருவி அடுத்தவர் மணிக்கட்டுல அறையோணும். இருட்டுல சரியா சுத்தாம கீழ விழுந்து அத ரெண்டு பேரும் குனிஞ்சு தேடறது எல்லா டீமுக்கும் ஒரு தடவ நடக்கும்.

நேர்ல_பேசுறவன்

எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. 57 வயசு ஆளு, கொழந்த இல்ல. நேரா சொல்லுங்க, அண்ணா உங்க முட்டிக்கு இது ஆவாது, நீங்க உக்காந்துட்டா உங்க லெக் எல்லாம் மத்தவங்க தலைல விழும்னு. ழ சொல்லிக் குடுக்க 2,000 அடி எறங்கணுமா? அந்த மைக்காரருக்கு எழுத்துக்கூட்டி ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா போதாதா?

ஓடுற_உப்புமா

@நேர்ல_பேசுறவன் நீங்க எங்க அண்ணாவ பாத்ததில்ல, அதான் இப்படி சொல்றீங்க ஹாஹா. சீட்டு ஐடியா போன வாரமே ஒரு அக்கா சொன்னாங்க, "ழ-வ இங்கிலீஷ்ல எழுதுனா அது ழ-வே இல்லம்மா"ன்னுட்டார்.

ஆனா கோயமுத்தூர்க்காரர் சொன்ன ஆறாவது ஆள் ஐடியா வேலை செஞ்சுது!! நான் ஒண்ணும் முட்டி பத்தி வாயே தொறக்கல. அண்ணா, சாண்டில ரெண்டு வேனும் சேர்ற எடத்துல ஓடி வந்து பட்டைய கைமாத்த ஒரு பொறுப்பான ஆள் வேணும், அங்க சொதப்புனா எல்லாம் போச்சுன்னு மட்டும் சொன்னேன். ரெண்டு நிமிஷம் யோசிச்சார். அப்ப மேல மைக்காரர யாரு பாத்துக்குவாங்கன்னு கேட்டார். நீங்கதான், வேன் 1லதான வர்றீங்கன்னேன். அவர் போன அப்புறம் அண்ணி எனக்கு மெசேஜ் போட்டாங்க, "நல்லா பேசுன, அவருக்கு எல்லாம் புரிஞ்சுதான் சரின்னார், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத"ன்னு. சரிதான்.

லெக் 1 இருவத்தாறு வயசு தம்பி ஒருத்தன் வாங்கியிருக்கான், கவுன்சில் க்ரெஸ்ட்ல வாரம் ஒரு தடவ எறங்குறான். இன்னொரு சந்தேகம், லோக்கல் டீம்னா வாலண்டியர் ஆளு குடுக்கணுமாமே?

வேன்ரெண்டு_கோயமுத்தூரான்

ஆமாங்க, மூணு பேர் குடுக்கோணும். 1982ல ஆரம்பிச்சப்ப மொத்தமே 8 டீம்தான், இப்ப ஆயிரத்துக்கும் மேல, ஓடறவங்களே 12,000 பேர் தாண்டும், நடுராத்திரில ஒவ்வொரு எக்ஸ்சேஞ்ச்லயும் நின்னு டீம் நம்பர கத்தறதுக்கு ஆள் வேணுமல்லங்க. ஓடாத சம்சாரங்க, காலேஜ் பசங்கள இப்பவே புடிச்சுப் போடுங்க, கடைசி நேரத்துல ஒருத்தரும் சிக்க மாட்டாங்க. ரூல் வருஷத்துக்கு வருஷம் மாறும், இந்த வருஷ கையேட்ட கேப்டன் ஒருத்தராவது முழுசா படிச்சுருங்க.

ஓடுற_உப்புமா

முடிஞ்சுது மக்களே!! செப்டம்பர் ஆயிடுச்சு, இப்பதான் மாடிப்படி நேரா எறங்குறேன். எல்லாருக்கும் நன்றி, என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன்.

ஸ்டார்ட்: விடிஞ்சும் விடியாத நேரம், மேல ஒரே குளிர். அண்ணா அஞ்சு சட்ட போட்டுக்கிட்டு நேரா மைக்காரர்கிட்ட போனார். நாங்க தூரத்துலேந்து பாத்தோம், ரெண்டு பேரும் நாக்க மேல மடிச்சு மடிச்சு என்னமோ பண்றாங்க, அந்த மனுஷனும் பொறுமையா திருப்பித் திருப்பி சொல்லிப் பாக்குறார். எங்க முறை வந்துச்சு. மைக்ல கேட்டது ழ இல்ல. ல-வும் இல்ல, ர-வும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல என்னமோ ஒண்ணு, கொஞ்சம் வாய்க்குள்ள பாக்கு இருக்குற மாதிரி. அண்ணா ரெண்டு கையையும் தூக்கி பாஸ் பாஸ்னு கத்துனார், மெட்ராஸ்ல பாதி பேரு இதவிட மோசமா சொல்றாங்கடான்னார். (சென்னைக்காரங்க கோச்சுக்காதீங்க.)

லெக் 1 தம்பி நாங்க எவ்ளோ சொல்லியும் கேக்காம பறந்துட்டான். ராத்திரி செயின்ட் ஹெலன்ஸ்ல பெட்ரோல் பங்க் படிக்கட்ட நண்டு மாதிரி பக்கவாட்டுல எறங்குனான்.

அண்ணா மூணு லெக்கும் முடிச்சார். ஏத்தத்துல ஓடுனார், எறக்கம் வந்தா கவுரவம் பாக்காம நடந்தார், அதுதான் ஒப்பந்தம். சாண்டில வந்து வேன் 2 அக்கா மணிக்கட்டுல பட்டைய அறைஞ்சார் பாருங்க, ஆ-ன்னு கத்திட்டாங்க, தழும்பு சனிக்கிழமை வரைக்கும் இருந்துச்சு.

இப்ப அசிங்கமான கதை. மிஸ்ட் கிட்ட ஒரு பெரிய புல்வெளி, இருட்டுல நூத்துக்கணக்கான வேன் நிக்குது, நடுவுல தார்ப்பாய் போட்டு சனம் பொணம் மாதிரி படுத்திருக்கு. வேன் 1 நாங்க பதினோரு மணிக்குப் போய் சேந்தோம். யாராவது ஒருத்தர் முழிச்சிருக்கணும்னு பேச்சு வந்தப்ப அண்ணா, எனக்கு வயசாச்சு தூக்கமே வர்றதில்ல, நான் எழுப்புறேன், நீங்க படுங்கன்னார். சொல்லி பத்து நிமிஷத்துல டிரைவர் சீட்லேந்து குறட்டை. நான் கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன், அதுதான் என் தப்பு. அலாரம் வெச்சிருந்த ரெண்டு போனும் சிக்னல் தேடித் தேடியே சார்ஜ் தீந்து செத்துப் போச்சு.

2:50க்கு வேன் 2ல பன்னெண்டாவதா ஓடுன எங்க மச்சான் எக்ஸ்சேஞ்ச்சுக்கு வந்து சேந்திருக்கான், வாலண்டியர் அம்மா எங்க நம்பர மைக்ல கத்திக்கிட்டே இருக்காங்க, ஒருத்தரும் இல்ல. அவன் கைல பட்டைய புடிச்சுக்கிட்டு அந்த இருட்டுல வேன் வேனா லைட் அடிச்சு தேடியிருக்கான். எனக்கு காதுல விழுந்தது கனவு மாதிரி இருந்துச்சு, மிஸ்ட் காட்டுக்குள்ள விடியக்காலம் மூணு மணிக்கு யாரோ தொண்ட கிழிய "அடேய் எங்கடா தொலைஞ்சீங்க"ன்னு கத்துற சத்தம். அக்கம்பக்கத்து வேன்லேந்து அமெரிக்காக்காரங்க தலைய நீட்டிப் பாக்குறாங்க. தம்பி எந்திரிச்சு ஓடுனான், ஒரு கால்ல அவன் ஷூ, இன்னொரு கால்ல என் ஷூ. ஓடி அரை மைல் போன அப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. அவன் சைஸ் 9, நான் 10. போனது பதினாலு நிமிஷம். அண்ணா கேக்குறார், ஏன்டா என்ன எழுப்பலன்னு!!

மொத்தம் 34 மணி 10 நிமிஷம். சீசைடுல கடைசி கொஞ்ச தூரம் மணல்ல 12 பேரும் சேந்து ஓடுனோம், ஓடுனோம்னா, தம்பிய ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டு.

@சியாட்டில்_மதினி ரசம் ரெண்டு ஃபிளாஸ்க் பத்தல, அடுத்த தடவ நாலு.

புதுசா_ஓடுறேன்

சிரிச்சு வயிறு வலிக்குது. நாங்களும் அடுத்த வருஷத்துக்கு பேரு குடுக்கப் போறோம், வேன் எப்ப புக் பண்ணணும்? 15 சீட்டர் எடுக்கலாமா?

வேன்ரெண்டு_கோயமுத்தூரான்

இடம் கெடச்சதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே புக் பண்ணிருங்க, அந்த வாரம் போர்ட்லண்ட் சுத்துவட்டாரத்துல வேன் கெடைக்காது. ரொம்பப் பெரிய வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச்ல இடமும் பத்தாது, கையேட்டுல என்ன அளவு சொல்லியிருக்குன்னு பாத்துக்குங்க. திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னால உள்ளார நல்லா கழுவோணும், புழுதியும் தயிர்சாதமும் கலந்தா சிமெண்ட் மாதிரி புடிச்சுக்கும்ங்க.

ஓடுற_உப்புமா

பெயிண்ட் விஷயமும் சேத்துக்கோங்க. வேன் கண்ணாடில டீம் பேர தண்ணில கழுவுற பெயிண்ட்ல எழுதுங்க. எங்க வேன்ல அண்ணாதான் எழுதுனார், ழ மட்டும் இன்னும் போகல.